பெற்ற மனத்தின் பெருமிதம்

தை பிறந்து பனி விலகத் தொடங்கியதும், கோவையின் கிழக்கே அவினாசிச் சாலையை ஒட்டிய பள்ளிக்கூடங்களில் பந்தற்கால் ஊன்றுவார்கள். ஆண்டு விழாவும் பரிசளிப்பும் நடைபெறும் பருவம் அது. பூளைப்பூ மண்டிக்கிடந்த மேடே பீளமேடு ஆயிற்று என்று முதியவர்கள் சொல்வதுண்டு. பின்னாளில் அந்த மேட்டில் பஞ்சாலைகளும், பம்ப் செட்டுத் தொழிலகங்களும், லேத் பட்டறைகளும் எழுந்தன. அவற்றுக்குச் சற்றும் குறையாமல் கல்விக்கூடங்களும் எழுந்தன. பகலெல்லாம் இயந்திரத்தின் முன் நின்றவர்கள், விழா மாலையில் குளித்துச் சலவைச் சட்டை அணிந்து, இல்லத்தரசியோடு வந்து வாடகை நாற்காலிகளில் அமர்ந்திருப்பார்கள். மேடையில் மேல்நிலை இரண்டாம் ஆண்டு மாணவர்களின் பெயர்கள் ஒவ்வொன்றாக வாசிக்கப்படும். மார்ச்சு மாதத்தில் அரசுத் தேர்வு. அது முடிந்தால் அப்பிள்ளைகள் அந்தப் பள்ளியின் பிள்ளைகள் அல்லர். ஆதலின், மற்ற வகுப்புகளின் பரிசளிப்புக்கு இல்லாத ஒரு கனம் அவர்களுடைய பரிசளிப்புக்கு உண்டு.

அந்நேரத்தில் நான் பரிசு வாங்கும் பிள்ளையைப் பார்ப்பதில்லை. பிள்ளைக்கு வெட்கம், ஓடி வந்து வாங்கிக்கொண்டு ஓடிவிடும். பார்க்க வேண்டியது பெற்றோரின் முகம். எழுந்து நிற்பதா, அமர்ந்திருப்பதா என்று தெரியாமல் பாதி எழுந்த நிலையில் ஒரு தந்தை நிற்பார். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அழுததை மறைக்கப் பக்கத்திலிருப்பவரிடம் எதையோ கேட்பாள் ஒரு தாய். உலகில் கள்ளமில்லாத மகிழ்ச்சி என்று எதையேனும் சொல்ல வேண்டுமானால் இதைத்தான் சொல்லவேண்டும் என்று நெடுநாள் எண்ணியிருந்தேன்.

இந்த மகிழ்ச்சி மார்க்கத்தில் ஆகுமானதுதானா என்று கேட்போர் உண்டு. பெருமை என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்திலேயே, அது இப்லீஸின் குணம் என்று ஒரே போடாகப் போட்டுவிடும் சொற்பொழிவாளர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். "மாஷா அல்லாஹ்" என்று ஒரு சொல்லை முன்னால் வைத்துவிட்டால், அதன்பின் எவ்வளவு வேண்டுமானாலும் பீற்றிக்கொள்ளலாம் என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். இரு சாராரும் அவசரப்படுகிறார்கள் என்பது என் எண்ணம்.

முதற்சாராருக்கு உமர் (ரலி) அவர்களின் வரலாற்றிலிருந்து ஒரு நிகழ்ச்சியை நினைவூட்ட வேண்டும். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒருமுறை தோழர்களிடம் ஒரு விடுகதை போட்டார்கள். இலையுதிராத மரம் ஒன்று உண்டு; அது முஸ்லிமுக்கு உவமையாகும்; அது எது என்பது கேள்வி. தோழர்கள் பாலைவன மரங்களையெல்லாம் எண்ணிப் பார்த்தார்கள். சிறுவராக இருந்த இப்னு உமர் (ரலி) அவர்களுக்கு அது பேரீச்ச மரம் என்று தோன்றிவிட்டது. ஆயினும் அபூபக்கரும் உமரும் வாய்திறவாது இருக்கும் சபையில் தான் பேசுவதா என்று நாணி அடங்கிவிட்டார். வெளியே வந்தபின் தந்தையிடம் இதைச் சொன்னார். அதற்கு உமர், நீ அதைச் சொல்லியிருந்தால் இன்னின்ன செல்வம் எனக்குக் கிடைப்பதைவிட அது எனக்கு உவப்பாக இருந்திருக்கும் என்றார். புகாரியில் உள்ள செய்தி இது. ஒட்டுப்போட்ட ஆடையோடு ஆட்சி செய்தவர் எனப் புகழப்படும் அதே உமர்தாம், மகன் சபையில் ஒரு விடை சொல்லியிருக்கக்கூடாதா என்று ஏங்கியவர். அந்த ஏக்கத்தைத் தவறு என்று எவரும் எழுதவில்லை. தந்தை மகிழத்தான் வேண்டும். மகனின் அறிவு சபையறிய வெளிப்படவேண்டும் என்று விரும்பவும் செய்யலாம். ஆனால் உமர் அதைச் சொன்னது சபையில் அன்று, வழியில். அதுவும் மகனிடம் மட்டும். இந்தச் சிறு வேறுபாட்டை நான் முன்னெல்லாம் கவனித்ததில்லை.

கவனிக்க நேர்ந்தது 1992ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில். என் இளைய மகன் பீளமேட்டுப் பள்ளி ஒன்றில் மேல்நிலை இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தான். கணிதத்திலும் இயற்பியலிலும் முதற்பரிசு அவனுக்கு. அவ்வாண்டின் சிறந்த மாணவன் என்று வெள்ளி முலாம் பூசிய கோப்பை ஒன்றும் அவனுக்கே. பெயரை வாசித்த தலைமையாசிரியர், பெற்றோரும் மேடைக்கு வரலாம் என்றார். நான் போனேன். ஒலிபெருக்கியைக் கையில் கொடுத்து இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். பஞ்சாலை ஒன்றில் இருபதாண்டுக் காலம் குனிந்து கணக்கெழுதியவன் நான். மேடை ஏறிப் பழக்கமில்லை. நாக் குழறும் என்று அஞ்சினேன். குழறவில்லை. குழறியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். "எங்கள் குடும்பத்தில் படிப்பு வாசனை கண்ட முதற்பிள்ளை இவன். இறைவன் எனக்குப் பிள்ளை என்று கொடுத்தது இவனைத்தான்" என்று சொல்லிவிட்டேன். பந்தல் முழுவதும் கைதட்டியது.

இறங்கி வரும்போதுதான் பார்த்தேன். திடலின் கோடியில், மிதிவண்டி நிறுத்தும் கொட்டகையருகே, என் மூத்த மகன் நின்றுகொண்டிருந்தான். அப்போது அவனுக்கு 22 வயது. ஆறாண்டுகளுக்கு முன் ஆலை மூடிக்கிடந்த மாதங்களில், பத்தாம் வகுப்பை நல்ல மதிப்பெண்ணோடு முடித்துவிட்டு, மேலே படிக்காமல் லேத் பட்டறையில் கடைசல் வேலைக்குப் போனவன். தம்பியின் பள்ளிக் கட்டணமும் தனிப்பயிற்சிக் கட்டணமும் அவன் வாரக்கூலியிலிருந்து போயின. அன்றைக்குப் பட்டறையிலிருந்து நேரே வந்திருக்கிறான். எண்ணெய்க் கறை படிந்த சட்டையோடு நாற்காலி வரிசைக்குள் வர மனமின்றி அங்கேயே நின்றுவிட்டான். ஒலிபெருக்கியின் குழாய் ஒன்று அவன் தலைக்கு மேலேதான் கட்டப்பட்டிருந்தது.

அவன் முகத்தில் நான் ஒன்றும் காணவில்லை. தம்பியின் தோளைத் தட்டினான். கோப்பையை வாங்கி, துண்டில் சுற்றி, மிதிவண்டியின் பின்பலகையில் ரப்பர் வாரால் கட்டினான். "நேரமாச்சுங்கத்தா, போலாங்க" என்றான். அன்றிரவு படுக்கப் போகும்போது என் மனைவி ஒரே வாக்கியம் சொன்னாள்: "பெரியவனும் அங்கதான் நின்னுட்டிருந்தானுங்க." அதற்குமேல் அன்றும் சொல்லவில்லை, பின்னரும் சொல்லவில்லை.

வள்ளுவர் மக்கட்பேற்றைப் பற்றிப் பேசுகையில், தன் மகனைச் சான்றோன் என்று பிறர் சொல்லக் கேட்ட தாய், பெற்ற பொழுதினும் பெரிதாக மகிழ்வாள் என்ற கருத்தைச் சொல்கிறார். பரிமேலழகர் அங்கே, பெண் இயல்பால் தானாக அறியமாட்டாள் ஆதலின் கேட்டாள் என்றார் என்று ஒரு விளக்கம் தருவார். உரையாசிரியர்களிடம் எனக்குள்ள மதிப்புக் குறைவன்று. இந்த விளக்கம் மட்டும் எனக்கு உடன்பாடு இல்லை. அன்றைய பந்தலில் பிறர் சொல்லக் கேட்டு மயங்கியவன் நான். தானாக அறிந்தவள் அவள். இன்னொன்றும் எண்ணத்தக்கது: வள்ளுவர் அவ்விடத்தில் எடுத்த சொல் சான்றோன் என்பது. முதல் மதிப்பெண் பெற்றவன் என்று பொருள்கொள்ள அச்சொல் இடந்தராது. அவ்வாறு கொண்டால் அன்று சான்றோன் மேடையில் நின்றானா, கொட்டகையருகே நின்றானா என்ற கேள்விக்கு விடை சொல்லவேண்டி வரும்.

அதன்பின் பல நாட்கள் இதனை மனத்தில் போட்டுப் புரட்டினேன். மகன் பரிசு பெற்றதில் மகிழ்ந்தது குற்றமா? உமர் (ரலி) அவர்களே மகிழ்ந்திருப்பார்கள். அப்படியானால் குற்றம் எங்கே புகுந்தது?

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் இதே ஐயம் வேறு வடிவில் கேட்கப்பட்டதை இப்னு மஸ்ஊத் (ரலி) அறிவிக்கிறார். உள்ளத்தில் அணுவளவு பெருமை உள்ளவரும் சுவனம் புகார் என்று நபியவர்கள் கூறியபோது, ஒருவர், மனிதன் தன் ஆடையும் காலணியும் அழகாக இருக்கவேண்டும் என்று விரும்புகிறானே, அதுவுமா என்று கேட்டார். இறைவன் அழகன், அழகை விரும்புகிறவன் என்று அவர்கள் மறுமொழி பகர்ந்து, பெருமை என்பதற்கு இரண்டு இலக்கணங்கள் சொன்னார்கள்: உண்மையை மறுப்பது, மக்களை இழிவாக எண்ணுவது. நான் பேசிய இரண்டு வாக்கியங்களை இந்த உரைகல்லில் உரைத்துப் பார்த்தேன். குடும்பத்தில் படிப்பு வாசனை கண்ட முதற்பிள்ளை இவன் என்றேன். அது உண்மையன்று, மூத்தவனும் நன்றாகப் படித்தவன்தான், நிறுத்தியது வறுமை. ஆக, முதல் வாக்கியத்தில் உண்மையை மறுத்தாயிற்று. இறைவன் பிள்ளை என்று கொடுத்தது இவனைத்தான் என்றேன். இரண்டாவதில் ஒரு மனிதனை இழிவாக எண்ணியாயிற்று. அதுவும் அயலானை அன்று. சலவைச் சட்டையை விரும்பியது போல மகிழ்ச்சியோடு நின்றிருந்தால் தீங்கில்லை. மகிழ்ச்சி வாய் வழியே வெளிப்பட்டபோது வேறொன்றாக மாறிவிட்டது.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தம் இஹ்யாவில் இந்த மாற்றத்தை மிக நுட்பமாக ஆராய்கிறார். தற்பெருமைக்கு இரண்டு பெயர்களை அவர் வைத்துக்கொள்கிறார். உஜ்ப் என்பது தன்னைத் தானே வியந்துகொள்வது. அதற்கு வேறு ஆள் வேண்டியதில்லை. உலகில் ஒருவனே இருந்தாலும் அவன் அந்நோயில் விழலாம். கிப்ர் என்பதற்கு இன்னொருவர் வேண்டும். அவர் தனக்குக் கீழே நிற்கவேண்டும். கீழே நிற்க ஆள் இல்லாமல் கிப்ர் பிறப்பதில்லை. பெருமை பிறக்கும் வாயில்கள் ஏழு என்று அவர் எண்ணும்போது முதலாவதாக வைப்பது கல்வியை. வணக்கம், குலம், அழகு, வலிமை, செல்வம் என்று போய், ஏழாவதாகத் தன்னைச் சூழ்ந்திருப்போரை வைக்கிறார். மாணாக்கர், ஏவலர், சுற்றத்தார் என்ற அந்தக் கூட்டத்தில் புதல்வர்களும் இருக்கிறார்கள். பரிசளிப்பு மேடை முதல் வாயிலையும் ஏழாவது வாயிலையும் ஒருசேரத் திறந்துவிடுகிறது: பிள்ளையின் கல்வி.

நம் தொல்காப்பியரும் மெய்ப்பாட்டியலில் பெருமிதம் தோன்றும் நிலைக்களன்கள் நான்கு என்று சொல்லி, அவற்றுள் கல்வியையே முதலில் நிறுத்துகிறார். அடுத்தவை அஞ்சாமை, புகழ், கொடை. ஒருவர் மெய்ப்பாட்டுக்கு இலக்கணம் சொன்னார்; மற்றவர் உள்நோய்க்கு மருந்து சொன்னார். காலத்தாலும் நாட்டாலும் மொழியாலும் தொடர்பற்ற இருவரும் கல்வியிலேயே தொடங்குவதைக் காணும்போது, தமிழ் கற்ற முஸ்லிமுக்கு ஒரு தனி மகிழ்ச்சி உண்டாகிறது. (இந்த மகிழ்ச்சி உஜ்ப் ஆகாமல் இறைவன் காப்பானாக!) கல்வி மனிதனை நிமிர்த்துகிறது. எந்த அளவோடு நிமிர்வது என்பதே கேள்வி. தொல்காப்பியரின் பெருமிதம் கற்றவனுக்கு உரியது. என் மகன் கற்றான், பெருமிதம் அவனுடையது. எனக்கு அது இரவல். இரவல் நகை அணிந்தவர்கள்தாம் அதிகம் மினுக்குவார்கள் என்பது நம் கல்யாண வீடுகளில் காணும் காட்சி.

நகை என்றதும் திருமறையின் இரண்டு சொற்கள் நினைவுக்கு வருகின்றன. பதினெட்டாம் அத்தியாயத்தில் செல்வமும் மக்களும் இவ்வுலக வாழ்வின் அலங்காரம் எனப்படுகின்றன. ஸீனத் என்பது அங்குள்ள சொல். இருபத்தைந்தாம் அத்தியாயத்தின் இறுதியில், அருளாளனின் அடியார்கள் கேட்கும் வேண்டுதலில், மனைவி மக்களைக் கண்குளிர்ச்சியாக்கித் தரும்படி கேட்கிறார்கள். அங்கே மக்கள் அலங்காரம் அல்லர், கண்ணின் குளிர்ச்சி. அலங்காரம் பிறர் பார்ப்பதற்கு. காண ஆளில்லாத வீட்டில் யாரும் நகை பூணுவதில்லை. குளிர்ச்சியோ அந்தக் கண்ணுக்கு மட்டுமே தெரியும். பக்கத்து நாற்காலிக்காரர் அதை அறியவும் முடியாது, அதனால் புண்படவும் முடியாது. அலங்காரத்தைத் திருமறை விலக்கவில்லை. உள்ளதை உள்ளபடி சொல்கிறது. ஆனால் வேண்டிப் பெறச் சொன்னது மற்றதை.

பிள்ளையின் மீதான அன்பைச் சபையில் காட்டவே கூடாதா என்றால், அப்படியும் இல்லை. நபியவர்கள் மிம்பரில் நின்று உரையாற்றிக்கொண்டிருந்தபோது, பேரர்கள் ஹஸனும் ஹுஸைனும் சிவப்புச் சட்டை அணிந்து தடுமாறி நடந்து வந்தார்கள். நபியவர்கள் உரையை நிறுத்தி, கீழே இறங்கி, இருவரையும் தூக்கி வந்து முன்னால் வைத்துக்கொண்டார்கள். செல்வமும் மக்களும் சோதனை என்று இறைவன் உரைத்தது மெய்யாயிற்று, இக்குழந்தைகள் தடுமாறுவதைக் கண்டு என்னால் பொறுக்க முடியவில்லை என்று சபையிடமே சொன்னார்கள். நான் இதில் இரண்டைக் கவனிக்கிறேன். தூக்கியது இருவரையும். பிள்ளைகளுக்காக மேடையிலிருந்து இறங்கினார்கள். நாமோ பிள்ளைகளால் மேடை ஏறுகிறோம்.

என் நெஞ்சை அதிகம் சுட்டது நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அறிவிக்கும் செய்தி. அவருடைய தந்தை பஷீர் அவருக்கு மட்டும் ஒரு கொடை கொடுத்தார். தாய் அம்ரா பின்த் ரவாஹா, இதற்கு இறைத்தூதரைச் சாட்சியாக்கினாலன்றி எனக்குத் திருப்தியில்லை என்றார். பஷீர் நபியவர்களிடம் போனார். உம் பிள்ளைகள் அனைவருக்கும் இதுபோல் கொடுத்தீரா என்று அவர்கள் கேட்டார்கள். இல்லை என்றார் பஷீர். இறைவனை அஞ்சிப் பிள்ளைகளிடையே நீதியாக நடந்துகொள்ளும்படி கூறிய அவர்கள், அநீதிக்குத் தாம் சாட்சி நிற்க இயலாது என்றும் மறுத்துவிட்டார்கள். பஷீர் திரும்பி வந்து கொடையை மீட்டுக்கொண்டார். இச்செய்தியை உலகுக்குச் சொன்னவர் அந்தக் கொடையை இழந்த மகனே என்பது எனக்கு எப்போதும் வியப்பு. தனக்குக் கிடைத்திருக்க வேண்டிய பொருள் பறிபோன கதையை, முதிய பருவம் வரை ஒளிக்காமல் எடுத்துச் சொன்ன அவரைவிட அந்தத் தந்தைக்கு வேறென்ன பெருமை வேண்டும்?

கொடைக்குச் சாட்சி தேடினார் பஷீர். நானும் அதைத்தான் செய்தேன். பந்தல் நிறைய ஆட்களைச் சாட்சி வைத்து, என் இரண்டு மகன்களில் ஒருவனுக்கு மட்டும் பிள்ளை என்ற உரிமையை எழுதிக் கொடுத்தேன். அவர்கள் விவரம் அறியாதவர்கள், கைதட்டினார்கள்.

இங்கே ஒருவர் தடை எழுப்பலாம். இருவரும் சமமாகப் பரிசு பெறவில்லையே. பெற்றவனைப் பாராட்டுவது அநீதியாகுமா? ஆகாது. கோப்பை பள்ளியின் சொத்து. கணக்கில் முதலில் வந்தவனுக்கு அது தரும், தரவும் வேண்டும். இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே கோப்பையை அறுத்துக் கொடு என்று எந்த நீதியும் சொல்லவில்லை. தந்தை பங்கிட வேண்டியது வேறு. மதிப்பெண் அவன் கையில் இல்லை. மகன் என்ற இடம்தான் அவன் கையில் இருக்கிறது. பள்ளி தன் பங்கைச் சரியாகத்தான் பிரித்தது. நான் என் பங்கைப் பிரித்ததில்தான் பிழை. யாகூப் நபி (அலை) அவர்கள் யூசுஃபின் கனவைக் கேட்டவுடன், அதைச் சகோதரர்களிடம் சொல்லாதே என்று எச்சரித்ததை ஓதியிருக்கிறோம். மகனின் உயர்வு மெய்யாகவே இறைவன் கொடுத்ததாயிருந்தும், தந்தை அதை ஊருக்குப் பறைசாற்றவில்லை. என் மூத்தவன் யூசுஃபின் தமையன்மார் போன்றவன் அல்லன். அது அவனுடைய நற்குணம், என் முன்யோசனையன்று.

பீளமேட்டில் வாழ்பவனுக்கு இந்தப் பங்குப் பிரிப்பைப் பற்றி நினைக்க வேறொரு காரணமும் உண்டு. அவ்வூரின் பெரும் நிலக்கிழார் பி.எஸ்.கோவிந்தசாமி நாயுடு அவர்களின் குடும்பச் சொத்து ஐந்து பங்காக்கப்பட்டதையும், நான்கு பங்கு நான்கு புதல்வர்களுக்கும் ஐந்தாம் பங்கு அறத்துக்கும் சென்றதையும் கோவையில் அறியாதவர் குறைவு. 1926ஆம் ஆண்டில் உருவான அந்த அறநிலையமே பின்னாளில் 1947இல் கலைக் கல்லூரியாகவும், 1951இல் தொழில்நுட்பக் கல்லூரியாகவும் கிளைத்தது. அதற்கும் முன், 1924இல் அங்கே தோன்றிய பள்ளிக்குச் சர்வஜனப் பள்ளி என்று பெயர். எல்லா மக்களுக்கும் உரியது என்பது அதன் பொருள். அவர்கள் வேறு சமயத்தார். பஷீரின் செய்தியை அறிந்து செய்தவர்கள் அல்லர். ஆயினும் நான்கு பிள்ளைகளுக்குள் நீதி செய்ததோடு நில்லாமல், ஊரார் பிள்ளைகளை ஐந்தாவது பிள்ளையாக எண்ணிப் பாகம் பிரித்த அந்தச் செயலை, நீதியினும் மேம்பட்டது என்றே சொல்வேன். அந்த ஐந்தாம் பங்கின் நிழலில் படித்தவர்களின் பெற்றோர் எத்தனை பேர் எத்தனை மாலைகளில் பந்தலில் கண் கலங்கியிருப்பார்கள்! அவர்களில் ஒருவரேனும் மேடையில், என் பிள்ளை, என் உழைப்பு என்று பேசியிருப்பார். நானும் அப்படித்தானே பேசினேன்! தனியொருவன் பெருமிதம் என்று நாம் எண்ணுவதில், முகமறியாத எத்தனையோ பேரின் பாகம் கலந்திருக்கிறது. இரவல் என்று முன்னர்ச் சொன்னது இதற்கும் பொருந்தும்.

கொங்குநாட்டில் இந்த நோய் என்னளவில் நிற்கவுமில்லை. நாமக்கல் வட்டாரத்து உறைவிடப் பள்ளிகள் மாநில முதலிடங்களை வாரிக்கொண்ட காலம் ஒன்று இருந்தது. கறிக்கோழி வளர்ப்புக்கும் பெயர்பெற்ற வட்டாரம் அது. ஆகவே அப்பள்ளிகளுக்கு மக்கள் வைத்த பட்டப்பெயரை நான் சொல்ல வேண்டியதில்லை. மே மாதத்து நாளிதழ்களில், முதலிடம் பெற்ற பிள்ளையின் வாயில் பெற்றோர் இனிப்பு ஊட்டும் படம் ஆண்டு தவறாமல் வரும். 2017ஆம் ஆண்டில் தமிழக அரசு பத்தாம் வகுப்பிலும் மேல்நிலைத் தேர்விலும் முதலிடம், இரண்டாமிடம் என்று பெயர் அறிவிக்கும் வழக்கத்தை நிறுத்தியது. இனிப்பு ஊட்டும் படங்கள் குறைந்தன. அந்த முடிவை நான் வரவேற்கிறேன். ஆனால் அரசாணை ஒன்றினால் நிறுத்தக்கூடியது பட்டியல் மட்டும்தான். பந்தலில் பக்கத்து நாற்காலியில் அமர்ந்திருக்கும் அம்மையாரின் பெண், தன் பெயர் வாசிக்கப்படாத நிலையில் எல்லார்க்கும் கைதட்டிக்கொண்டிருப்பாள். அவளைத் திரும்பிப் பார்த்து, நீ என்னம்மா படிக்கிறாய் என்று கேட்பதற்கு ஆணை பிறப்பிக்க முடியாது.

கஸ்ஸாலி இமாமின் தந்தையைப் பற்றி வரலாற்றாசிரியர்கள் எழுதிவைத்த ஒரு செய்தியை, நூல் நூற்கும் நகரமான கோவையில் இருந்துகொண்டு படிக்கும்போது மனம் நெகிழும். அவர் தூஸ் நகரில் கம்பளி நூற்று விற்றுப் பிழைத்தவர். எழுதப் படிக்க வாய்க்கவில்லையே என்ற குறை அவருக்கு இருந்தது. மரணத் தறுவாயில் தம் புதல்வர்கள் முஹம்மது, அஹ்மது இருவரையும் சூஃபி நண்பர் ஒருவரிடம் ஒப்படைத்து, தாம் விட்டுச்செல்லும் சிறுபொருள் முழுவதையும் இவர்கள் கல்விக்கே செலவிடுமாறு வேண்டிக்கொண்டார். பொருள் விரைவில் தீர்ந்தது, நண்பரும் ஏழை, பிள்ளைகள் உணவும் உறைவிடமும் கிடைக்கும் மதரஸாவுக்குப் போனார்கள். மூத்தவர் 1091இல் பக்தாது நிஜாமிய்யாவின் பேராசிரியரானார். இளையவரும் புகழ்பெற்ற ஞானியானார். தந்தை எதையும் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும், நான்கே ஆண்டுகளில், 1095இல், தாம் கற்பித்தது இறைவனுக்காக அன்று, புகழுக்காகவே என்று கண்டு அப்பதவியை உதறிவிட்டு மகன் வெளியேறியதையும் பார்க்க நேர்ந்திருக்கும். எனக்கு அந்தத் தந்தையிடம் பிடித்தது ஒன்றே. இருவரையும் சேர்த்து ஒப்படைத்தார். எவன் கெட்டிக்காரன் என்று நண்பரிடம் சொன்னதாக எந்த நூலிலும் இல்லை.

என் இளைய மகன் பின்னர்ப் பொறியியல் படித்து வெளிநாடு சென்றான். மூத்தவன் இப்போது சொந்தமாக இரண்டு லேத் வைத்திருக்கிறான். அந்த மாலையைப் பற்றி நான் அவனிடம் மன்னிப்புக் கேட்டதில்லை. ஒருமுறை, வீட்டுக்கு வெள்ளையடித்தபோது, பரணிலிருந்து இறக்கிய சாமான்களுக்கிடையே அந்தக் கோப்பை கிடந்தது. முலாம் உதிர்ந்து கருத்திருந்தது. ஒரு பக்கத்துக் கைப்பிடி உடைந்து தனியே கிடந்தது. பேச்சை அங்கிருந்து தொடங்கலாம் என்று எண்ணி, "அன்னிக்கு மேடையில நான் பேசினது உனக்கு ஞாபகம் இருக்காப்பா?" என்றேன். அவன் கைப்பிடியை எடுத்து உடைந்த இடத்தில் பொருத்திப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இது பித்தளைங்கத்தா. பத்த வெச்சா நிக்கும்" என்றான்.

மறுநாள் மாலை பட்டறையிலிருந்து வரும்போது கொண்டுவந்தான். பற்றவைத்த இடத்தில் சிறு திரட்சி தெரிகிறது; மற்றபடி உறுதியாக இருக்கிறது. கூடத்து அலமாரியில் அவன் தாய் அதில் வீட்டுச் சாவிகளைப் போட்டு வைத்திருக்கிறாள்.